உங்களுக்கும் உங்கள் குடும்பத்தினருக்கும்

தம்பியிடமிருந்து முதல் குறுஞ்செய்தி வந்த புத்தாண்டுக் காலையில், அவன் அதுவரை அனுப்பியிருந்த பதினோரு வாழ்த்து அட்டைகளில் மிகப் பழையதிலிருந்து கையெழுத்து முழுவதும் போய்விட்டது. அச்சடித்த பூ மட்டும் அப்படியே இருந்தது. அக்கா பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள், மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் பேனா அழுத்திய தடம்கூட அகப்படவில்லை. மறுவருடம் செய்தி வந்தது, அடுத்த அட்டை வெளுத்தது. அதோடு அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

தம்பி இன்சூரன்ஸ் ஏஜெண்ட். எந்த வருடமும் அக்காவை மறந்துவிடக் கூடாது என்று, புத்தாண்டு வாழ்த்து அனுப்பும் அறுநூறு வாடிக்கையாளர்களின் பட்டியலில் அவள் எண்ணைத்தான் முதலில் சேர்த்திருந்தான். பாசம்தான், குறை சொல்ல முடியாது. "மெசேஜ் வேண்டாம்டா, ஒரு அட்டை போடேன்" என்று போனில் கெஞ்சிப் பார்த்தாள். "யாருக்கா இப்போ அட்டை போடுறாங்க? இதுன்னா ஆறு மணிக்கு டாண்ணு வந்துடுதுல்ல" என்று சிரித்தான். ஜெராக்ஸ் எடுத்து வைத்தாள், அட்டையோடு அதுவும் வெளுத்தது. எண்ணை மாற்றினாள், புது எண்ணை அவனுக்குச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

பத்து வருடத்தில் பத்து அட்டைகள் போயின. மிஞ்சியது ஒன்று. "அக்கா, அம்மா கடைசியா என்னைத்தான் கேட்டாங்கன்னு தெரிஞ்சும் நான் வரல. எல்லாத்தையும் உன் தலையில போட்டுட்டேன். மன்னிச்சிடு." வாயால் அவன் ஒருநாளும் சொல்லாதது அது. அந்த மழைக்காலத்தில் நெஞ்சு வலி வந்து தம்பி இறந்துபோனான். அக்கா அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், அட்டை தப்பித்தது என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. வெட்கமாக இருந்தது அவளுக்கு.

புத்தாண்டன்று காலை ஆறு மணிக்குப் போன் ஒலித்தது. 'உங்களுக்கும் உங்கள் குடும்பத்தினருக்கும் இனிய வாழ்த்துகள்.' குடும்பம் என்று அவளுக்கு இருந்தவன் அவன் ஒருவன்தான். அலமாரியைத் திறந்தாள். அட்டையில் பூ மட்டும் இருந்தது.

"அவர் இருக்கும்போதே செட் பண்ணி வச்சது அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "எப்படி நிறுத்துறதுன்னே தெரியல. அது பாட்டுக்குப் போகும்."

அது பாட்டுக்கு வருடா வருடம் வருகிறது. அழிக்க இனி எதுவும் இல்லாததால் அக்கா அதைப் பயமில்லாமல் திறக்கிறாள். பதினோரு வெற்று அட்டைகளையும் பிரிட்ஜ் மேல் வரிசையாக நிறுத்துகிறாள். 'உனக்கும்டா' என்று பதில் தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாள்.