பிளாஸ்டருக்கு அடியில்

பள்ளி வாசலில் காலை வரிசையைச் சோதிப்பது உடற்பயிற்சி ஆசிரியரின் வேலை. மதத்தைக் காட்டும் எதுவும் உடம்பில் வெளியே தெரியக் கூடாது என்று விதி வந்ததிலிருந்து கயிறு, தாயத்து, சிலுவைச் சங்கிலி எல்லாம் அவர் கைக்கு வந்து மாலையில் திரும்பிப் போயின. அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. யார் பக்கமும் சாயமாட்டார் என்று தலைமை ஆசிரியைக்கு நிம்மதி.

அன்றுதான் அரைக்கைச் சீருடைக்கு மாறியிருந்தார்கள். வரிசையில் நின்ற அவர் மகளின் மணிக்கட்டில் பிளாஸ்டர். காலையில் அவர் தலை பின்னிவிட்டபோது அங்கே காயம் எதுவும் இல்லை. போன வருஷம் கண்மூடுவதற்கு முன் அவள் அம்மா கட்டிவிட்ட கறுப்புக் கயிறுதான் இருந்தது. அவிழ்த்தால் மறுபடி கட்ட அந்தக் கை இல்லை.

சற்றுமுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்த பெண் தோழியிடம் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது.

“சார் பொண்ணுக்குக் காயமாம்டி. நமக்குத்தான் வெறுங்கழுத்து.”

அவருக்குச் சுருக்கென்றது. மகள் கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

“யாரு சொல்லிக்குடுத்தா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“அம்மாதான், சார்.” பள்ளியில் அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள். கயிற்றைக் கழற்ற மனமில்லாமல் அழுபவர்களிடம் அவள் கத்தரியை நீட்டமாட்டாள். மேலே பிளாஸ்டரைச் சுற்றி உள்ளே அனுப்பிவிடுவாள். டாக்டர் முறைத்தால், “கத்தி உங்க கையில, தைரியமாவது அவங்க கையில இருக்கட்டுமே டாக்டர்” என்பாளாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பாள்.

அவர் முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். முதலில் சங்கிலிக்காரியைக் கூப்பிட்டு, சங்கிலியைத் திருப்பிக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லி, சிலுவையின்மேல் ஒட்டினார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாம் கோணல்மாணலாகத்தான் ஒட்டியது.

தலைமை ஆசிரியை வந்து வரிசையை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன சார், பஸ் ஏதும் கவுந்துடுச்சா?”

“எதுவும் வெளிய தெரியலையே, மேடம்.”

தலைமை ஆசிரியையின் பார்வை அந்தச் சின்ன மணிக்கட்டில் கொஞ்சம் தங்கியது.

“வேர்வையில பிச்சுக்கும். இன்னும் ரெண்டு ரோல் வாங்கி வைங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ரோலைப் பெட்டிக்குள் போடப்போனபோது மகள் அதை வாங்கி, நுனியைத் துளி மடித்து ஒட்டிக் கொடுத்தாள். அடுத்து எடுப்பவர் நகத்தால் சுரண்டித் தேடக் கூடாது என்று அவள் அம்மா எப்போதும் செய்வது.

மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே போனார்கள். அவர் இன்னும் பெட்டியை மூடவில்லை.