மேற்குக் கூரைக்குக் கீழே

ஏணியில் பாதி ஏறிய சோலார்காரர் அங்கேயே நின்று திரும்பி, "எந்தப் பக்கம்னு முடிவா சொல்லிடுங்க சார். ஓட்டை போட்டப்புறம் மாத்தச் சொன்னா கூரை ஒழுகும்" என்றார். கீழே நின்ற டைம்கீப்பருக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. பஸ் டிப்போவில் வண்டிகளை நிமிஷம் பிசகாமல் கிளப்பிவிடுகிற மனிதர். தெற்கு என்று அவர் முடிவுகட்டி மாதக்கணக்காகிறது. டிரைவர், கண்டக்டர், டயருக்குக் காற்றடிக்கிறவர் வரை எல்லோர் காதிலும் ஓதியாயிற்று. சூரியனுக்கே வழி மறந்துபோனால் இவரிடம் வந்து கேட்டுக்கொள்ளலாம்.

இத்தனை வைராக்கியத்துக்கும் காரணம் மச்சான்தான், மனைவியின் அண்ணன். போன வருஷம் அவர் வீட்டுக் கூரையில் பேனல் ஏறியதிலிருந்து சாயங்காலமானால் போன் வந்துவிடும். "மாப்ளே, இன்னைக்குப் பதினெட்டு யூனிட்! உங்க பக்கம் வெயில் எப்படி?" வெயில் என்னவோ அவர் வீட்டுத் தோட்டத்தில் விளைந்தது போலப் பேசுவார். அந்த வாயை ஒரே ஒரு நாள் அடைத்துவிட்டால் போதும், டைம்கீப்பருக்குப் பிறவிப்பயன் கிடைத்த மாதிரி.

மனைவி ஒரே ஒரு முறை, "மேற்குப் பக்கம் போட்டா என்ன?" என்று கேட்டாள். பாவம், விவரம் தெரியாமல் கேட்கிறாள் என்று டார்ச் லைட்டைச் சூரியனாக்கி, சாப்பாட்டுத் தட்டைக் கூரையாக்கி, சாவகாசமாகப் பாடம் நடத்தினார். அவள் "சரி" என்று தட்டை வாங்கிக் கழுவி வைத்தாள். அந்த "சரி"யை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"தெற்குன்னா பகல் பூரா கரண்டு வரும் சார்" என்றார் சோலார்காரர். "மேற்குல கொஞ்சம் குறையும். ஆனா கீழ இருக்கிற ரூம்ல சூடு இறங்காது. வெயிலை பேனல் வாங்கிக்கும்."

"ரூமைக் குளிரவைக்கவா காசைக் கொட்டுறேன்? அங்க தையல் மெஷின்தான்யா கிடக்கு. மெஷினுக்கு என்ன வேர்க்கவா போகுது?"

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. சற்று நேரம் கழித்துத்தான் மறுபடி ஓடியது.

சோலார்காரர்கள் சாமான்களை மேலே ஏற்றி முடிப்பதற்குள் மத்தியானம் சாய்ந்துவிட்டது. அப்போதுதான் தையல் மெஷின் அறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "இங்க வந்து கொஞ்சம் நில்லுங்க. அண்ணன் கோட்டு. உங்க மேல போட்டு அளவு பாத்துக்கறேன்." மச்சானுக்கும் இவருக்கும் தொப்பை உட்பட ஒரே அளவு. போயும் போயும் அவர் கோட்டுக்கா என்று முனகிக்கொண்டே போனார். பொழுது விடிய டிப்போவுக்குப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்புகிறவர். லீவு நாளில் மத்தியானம் முன்னறையில் உறங்குகிறவர். இந்த நேரத்தில் அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை.

உள்ளே அனல் முகத்தில் அறைந்தது. தலைக்கு மேல் தகரம் படபடவென்று பொரிந்தது. ஃபேன் ஓடவில்லை, ஓடினால் வெட்டி வைத்த துணியெல்லாம் பறக்குமாம். கம்பளிக் கோட்டை மாட்டி, இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, அக்குளிலிருந்து இடுப்புவரை ஊசி குத்தினாள். "கையை இறக்காதீங்க, குத்தும்" என்றவள் மீதி ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டாள். முதுகில் வேர்வை வாய்க்காலாக ஓடியது. தப்பித்துப் போகலாமா என்று வாசலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. தாடையில் இறங்கிய வேர்வை கோட்டில் சொட்டாமல் இருக்க, தோளில் கிடந்த துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துண்டு ஏற்கெனவே நனைந்திருந்தது.

"தினமும் இப்படித்தானா?"

"ம்" என்றாள். வாயில் ஊசி இருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்?

அவருக்கு வெட்கமாக இருந்தது. டார்ச்சும் தட்டும் ஞாபகம் வந்து இன்னும் கூசியது.

"சார்!" மேலிருந்து குரல். "தெற்குதானே? டிரில் போட்டுரட்டுமா?"

"இருய்யா!" என்று கத்தினார். அதற்குள் கிளம்பிவிட்ட டிரில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே, கதவில் பக்கவாட்டாக நுழைந்து வெளியே ஓடினார். வீட்டுக்கு முன்னால் நின்று, "நிறுத்துய்யா!" என்றார். டிரில் நின்றது. தெருவில் போன இரண்டு பேரும் நின்றார்கள். கோட்டுக்குள் மாட்டிக்கொண்ட சட்டைப் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. அந்த நேரத்துக்கு மச்சானைத் தவிர யார்?

சோலார்காரர் கூரை விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். கொளுத்துகிற வெயிலில் கோட்டுப் போட்ட மனிதர், ஒரு கை கிழக்கே, ஒரு கை மேற்கே.

"எந்தக் கையைப் பாக்கறது சார்?"

மனைவி வாசலில் வந்து நின்றாள். ஊசிகள் இன்னும் உதட்டில்தான் இருந்தன. போன் விடாமல் அடித்தது. டைம்கீப்பர் பல்லைக் கடித்துக்கொண்டு, கிழக்கே நீண்டிருந்த கையை மெல்ல மெல்ல, ஊசி ஒவ்வொன்றாக விலாவில் ஏற, கீழே இறக்கினார்.