கண் திறந்த படம்

கொட்டாரம் ஊரில் ஏசுஅடிமையின் சைக்கிள் ஒரு தெருவுக்குள் திரும்பினால் அந்தத் தெருவில் சாவு என்று அர்த்தம். பின்னால் காமிராப் பெட்டி, கயிற்றில் கட்டிய முக்காலி, கறுப்புத் துணி. உயிரோடிருப்பவர்கள் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போய் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டார்கள். போக முடியாதவர்களுக்குத்தான் ஏசுஅடிமை வீடு தேடி வருவார்.

அவரை வரச்சொன்னபோது குமாரதாஸ் இதை யோசிக்கவில்லை. பி.ஏ. படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருப்பவன். அப்போது அவனுக்கு இருந்த யோசனை ஒன்றுதான். மனைவி முத்துக்கனிக்குக் காசநோய் இரண்டு பக்கத்து நுரையீரலையும் அரித்துவிட்டது, இனி ஊசி வீண் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏழு மாதப் பெண்குழந்தையை நோய் ஒட்டிவிடும் என்று அருமனையில் அவளுடைய தாய்வீட்டில் விட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு அம்மாவின் முகம் தெரியாது. ஒரு படமாவது வேண்டும். கண் திறந்து பார்க்கிற படம்.

முற்றத்தில் நாற்காலி போட்டு, அவளைத் தூக்கிவந்து உட்காரவைத்தான். கல்யாணச் சேலை அவளைச் சுற்றி மிச்சப்பட்டது. ஏசுஅடிமை கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

“ரெண்டு கண்ணாடிப் பிளேட்டுதான் கொண்டாந்திருக்கேன், சாரே. மூணு எண்ணுவேன். அதுவரைக்கும் அசையப்பிடாது. இருமப்பிடாது.”

“நீங்க எடுக்க ஆளுவ ஆரும் அசைய மாட்டாவளே,” என்றாள் முத்துக்கனி.

சிரிக்கலாமா என்று ஏசுஅடிமை குமாரதாஸைப் பார்த்தார். “ஆமா மக்கா. அவிய தார சௌகரியம் வேற ஆரும் தரமாட்டாவ,” என்றார்.

அவள் முகத்தில் வெளிச்சம் போதவில்லை. அவர் சொன்னபடி குமாரதாஸ் ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு கையாலும் விரித்து, வெயில் அவள்மேல் திரும்பி விழும்படி உயர்த்திப் பிடித்தான். வேட்டிக்குப் பின்னால் நின்ற அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

காமிராவின் மூடியைக் கழற்றி, “ஒண்ணு,” என்றார் ஏசுஅடிமை. வாசல் நடையில் அழுகுரல் கேட்டது. எதிர்வீட்டுப் பகவதியம்மாள் சைக்கிளைப் பார்த்துவிட்டுத் தலைமுடியை அவிழ்த்துப் போட்டபடி ஓடிவந்திருந்தாள். “எனக்க தங்கமே, போயிட்டியா...”

“இன்னும் இல்ல, மைனி,” என்றாள் முத்துக்கனி, அவள் பக்கம் திரும்பி. “வந்தது வந்திய. இரிங்க. காப்பி குடிச்சிட்டுப் போலாம்.”

பகவதியம்மாள் முடியை அள்ளி முடிந்துகொண்டாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கிணற்றைப் பார்த்தாள். முத்துக்கனிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாயிற்று. அது அடங்குவதற்குள் சேலை முந்தி சிவந்துவிட்டது. குமாரதாஸ் அதை உள்பக்கமாக மடித்துச் செருகினான்.

“ஒரு பிளேட்டு பாழாப்போச்சு,” என்றார் ஏசுஅடிமை.

இரண்டாவதற்கு அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வேட்டிக்குப் பின்னால் நின்று குமாரதாஸ் எண்ணிக்கையை மட்டும் கேட்டான். ஒண்ணு. ரெண்டு. மூணு.

வேட்டியை இறக்கியபோது அவள் நாற்காலியின் கைமேல் சரிந்திருந்தாள். “பிள்ளையப் பாக்க மாதிரி பாத்தேன்,” என்றாள். “கண்ணு தொறந்திருந்துதா?”

“தொறந்திருந்து,” என்றான்.

ஒரு வாரத்தில் படம் சட்டமும் கண்ணாடியும் போட்டு வந்தது. நெஞ்சுமேல் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“சேல எனக்கது. கை எனக்கது. இந்தக் கண்ணு ஆருக்க?”

கண்கள் பெரிதாக, சமமாக, மை தீட்டியது போலத் திறந்திருந்தன.

“தொறந்திருந்துன்னு சொன்னியளே,” என்றாள்.

அவன் ஏசுஅடிமையின் கடைக்கு ஓடினான்.

“ரெண்டு எண்ணும்போ மூடிட்டாவ, சாரே. நான்தான் நெகட்டிவ்ல வரஞ்சு தொறந்து வச்சேன். இருவது வருசமா தொறக்கேன். ஒருத்தரும் கொற சொன்னதில்ல.”

“அவ செத்துப்போகல்ல, அண்ணாச்சி.”

ஏசுஅடிமை கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். “கைப்பழக்கம், சாரே,” என்றார். “இன்னொண்ணு எடுப்போம். வெயில் வரட்டும்.”

நான்கு நாள் மழை விடவில்லை. குமாரதாஸ் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை; முற்றத்தையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். படத்தைப் பெட்டியின்மேல் கவிழ்த்து வைத்திருந்தான். “வெயிலு வந்துதா?” என்று அவள் கேட்பாள். மூன்றாம் நாளுக்குப் பிறகு கேட்கவில்லை. ஐந்தாம் நாள் வெயில் வந்தது. அவள் விடியும்போதே போயிருந்தாள்.

சொன்ன சொல்படி சைக்கிள் வந்தது. பகவதியம்மாள் முடியை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தாள். இந்தமுறை அவளை இருக்கச் சொல்ல யாரும் இல்லை.

ஏசுஅடிமை முக்காலியை அவிழ்த்தார். குமாரதாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இப்போ வேண்டாம். அண்ணைக்கு பாழாப்போன பிளேட்டு வேணும். மைனியத் திரும்பிப் பாத்தாளே, அது. அதுல கண்ணு தொறந்திருக்கும். கலங்கிக் கெடந்தாலும் சரி. பாதி மொகம் கெடந்தாலும் சரி.”

ஏசுஅடிமை பெட்டியின்மேல் கவிழ்ந்து கிடந்த படத்தைப் பார்த்தார்.

“பாழாப்போனத ஆரும் வச்சிருக்க மாட்டாவ, சாரே. காரத்தண்ணியில கழுவி மருந்த எடுத்தா நல்ல கண்ணாடி. படத்துக்கு மேல போடுவோம்.” சட்டத்தைக் காட்டினார். “இதுல போட்டிருக்கது அதுதான்.”

குமாரதாஸ் சட்டத்தின் பின்னட்டையிலிருந்த ஆணிகளை நகத்தால் பிடுங்கினான். படம் நழுவித் தரையில் விழுந்தது. அதை அவன் எடுக்கவில்லை. முற்றத்தில் இறங்கிக் கண்ணாடியை இரண்டு கையாலும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். சுத்தமாகக் கழுவியிருந்தார். ஒரு மூலையில் மட்டும் நகத்தளவு கறுப்பு மிச்சமிருந்தது. அது நாற்காலிக் காலா, அவள் சேலையா, பகவதியம்மாளா தெரியவில்லை. சாய்த்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

அருமனையிலிருந்து கார் வந்து நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரோ உள்ளே வந்தார்கள். “பிள்ள வந்தாச்சு,” என்றாள் பகவதியம்மாள். “கைய நீட்டி வாங்கு, மக்கா.”

அவன் கைகளை இறக்கவில்லை.