குடும்பத்துக்காக ஒரு முழங்கால்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழாப் பட்டிமன்றத்தில் நான் இங்கிலாந்தை ஜெயித்தேன். 'எல்லா மதத்துக்கும் இடம் கொடுக்கும் இந்த நாடு கிறிஸ்தவ நாடா?' என்பது தலைப்பு. இல்லை என்ற அணிக்கு ஆனந்தராஜாவாகிய நான் தலைவர். நெற்றி நிறையத் திருநீறு, தோளில் சால்வை. தொண்டையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கோயில் நிர்வாகசபைக் கூட்டங்களில் கத்திக் கத்திப் பழுத்த தொண்டை அது.

ஆம் என்ற அணிக்குச் சூசைதாசன். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன், கவுன்சில் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன். ராணிதான் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவி, பிஷப்மார் பாராளுமன்றத்தில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடக் காலை வழிபாடு பெரும்பாலும் கிறிஸ்தவ முறையில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது என்று மெல்லிய குரலில் அடுக்கினான். நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டுச் சனம் எங்கை நிக்குது? வாசல்லை நிண்டு கார் கழுவுது! சேர்ச்சுக்குள்ளை ஆர் இருக்கினம்? வெறும் வாங்குகளும் நாலு வயசுபோன மனுசியளும்! இதையோ நீங்கள் கிறிஸ்தவ நாடு எண்டுறியள்?"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். சூசைதாசன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு வசனத்தில் என் மானத்தை வாங்கியிருக்கலாம். நல்லவன், வாயே திறக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு காலை முகம் கழுவி, டை கட்டி, சேர்ச்சில் அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பூசை கண்டேன். நான் மேடையில் முழங்கிய அந்த வெறும் வாங்குகளில், அதாவது பெஞ்சுகளில், ஒன்றை மாதக்கணக்காக நிரப்பிக்கொண்டிருந்தவன் நான்தான்.

காரணம் என் மகள் வத்சலா. அடுத்த செப்டம்பரில் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட வாசலில் ஒரு தமிழ்ப் பெடியனை அடித்து மூக்கை உடைத்திருந்தார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. மேட்டுக்கு மேலே கன்னியாஸ்திரிகள் நடத்தும் கொன்வென்ற் இருந்தது. அங்கே இடம் கிடைக்கப் பங்குத் தந்தையின் சிபாரிசு வேண்டும், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனால்தான் அது கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். யாரோ சொன்னால் எனக்குப் போதும். விசாரிப்பது என் பழக்கமில்லை.

மனைவி கமலாம்பிகை ஒரே பிடியில் நின்றாள். "நானும் பிள்ளையும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறம். எங்களுக்கு அது காணும். உங்களுக்கு அலுவல் ஆகவேணுமெண்டால் நீங்கள் போங்கோ."

ஆகவே குடும்பத்தின் பிரதிநிதியாக நான் போனேன். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் சூசைதாசனின் முழங்கைதான் சொல்லித் தந்தது. விலாவில் ஒரு இடி இடித்தால் முழங்கால்.

"நேற்று வெண்டதுக்கு இண்டைக்குத் தண்டனையோ அண்ணை?" என்று பட்டிமன்றத்துக்கு மறுநாள் காதுக்குள் கேட்டான்.

"பேசாமல் கும்பிடும்."

பிறகு ஒரு ஞாயிறு சூசைதாசனுக்குக் காய்ச்சல். தனியே போய் முன்வரிசையில் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பங்குத் தந்தை பாதர் கெவின் அப்பத்தை உயர்த்த, பீடத்தில் மணி அடித்தது. பிறந்ததிலிருந்து மணிச்சத்தம் கேட்டால் என் கைகளுக்குத் தெரிந்தது ஒரு வேலைதான். இரண்டு கையும் நெற்றிக்குப் போய்ப் பிள்ளையாருக்குக் குட்டுவதுபோல் டொக் டொக்கென்று குட்டிக்கொண்டன. அதோடு நின்றிருக்கலாம். எழுந்து காதைப் பிடித்துத் தோப்புக்கரணமும் போட்டேன். மூன்றாவதில்தான் விழிப்பு வந்தது. பின்னால் சபை முழுக்க முழங்காலில் நிற்க, நான் ஒருவன் இருப்பதும் எழும்புவதுமாக இருந்திருக்கிறேன். வெட்கத்தில் செத்துப் போகலாம் போலிருந்தது.

பூசை முடிந்ததும் பாதர் வாசலில் என் கையைப் பிடித்தார்.

"மிஸ்டர் ராஜா, நீங்கள் இந்து என்று எனக்கு முதல் வாரமே தெரியும்," என்றார். "எங்கள் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காக வருவதில்லை. எதற்காக வருகிறீர்கள்?"

மறைக்க இனி என்ன இருக்கிறது? பிள்ளையின் கதையைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அந்தப் பள்ளிக்கூடத்தில் மற்றச் சமயத்துப் பிள்ளைகளுக்கென்றே சில இடங்கள் இருக்கின்றனவே. ஒரு நிபந்தனைதான். தங்கள் சமயத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற குடும்பமாக இருக்க வேண்டும். உங்கள் கோயில் குருவிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்."

ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்தான். அது அவருடைய சமயமாகப் போய்விட்டது.

அன்று மாலையே கோயிலுக்கு ஓடினேன். குருக்கள் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"கமலாம்பிகையும் பிள்ளையும் வெள்ளி தவறாமல் வருகினம். தாராளமாய் எழுதலாம். உங்களுக்கு என்னத்தை எழுதுறது? உங்களைக் கண்டு எவ்வளவு காலம்!"

"நிர்வாகசபையிலை இருக்கிறன்தானே ஐயா?"

"அது பக்தியிலை சேராது."

கடைசியில் தாயையும் மகளையும் பற்றி மட்டும் எழுதித் தந்தார். கடிதத்தில் என் பெயர் முகவரிக்கு மேலே மட்டும் இருந்தது. அதுவும் வீடு என் பெயரில் இருந்தபடியால்.

நேர்முகத்துக்கு மூவரும் போனோம். தலைமைச் சகோதரி வத்சலாவிடம் கோயிலைப் பற்றிக் கேட்டார். பிள்ளை பயமில்லாமல் பிள்ளையார் கதை சொன்னாள், தேவாரம் ஒன்றும் பாடினாள். நான் சால்வை போர்த்தாத குறையாக நிமிர்ந்திருந்தேன்.

"அப்பாவும் உங்களோடு கோயிலுக்கு வருவாரா?"

"இல்லை சிஸ்டர்," என்றாள் வத்சலா. "அப்பாவுக்கு டிபேட்தான்."

சகோதரி வாய்விட்டுச் சிரித்தார். கமலாம்பிகை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இடம் கிடைத்தது. அன்றிரவு மாதக்கணக்குக்குப் பிறகு குறட்டை விட்டு நித்திரை கொண்டேன் என்று வீட்டில் சொன்னார்கள்.

செப்டம்பரில் புதுப்பிள்ளைகளுக்கான முதல் பூசைக்குப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். மற்றச் சமயத்தவர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும், எழவோ முழங்காலில் நிற்கவோ வேண்டியதில்லை என்று சகோதரி முதலிலேயே சொல்லிவிட்டார். பூசை தொடங்கியது. எனக்கு எல்லாம் தெரிந்த விஷயம்தானே என்ற மிதப்பில் இருந்தேன்.

மணி அடித்தது. கையை அடக்கிக்கொண்டேன், இந்த முறை குட்டவில்லை. அந்தப் பெருமையில் கண்ணை மூடிக்கொண்டேன்.

யாரோ கோட்டை இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் எங்கள் வரிசையில் ஒரு முஸ்லிம் குடும்பம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கமலாம்பிகை பெரிய பொட்டோடு கை கட்டி உட்கார்ந்திருந்தாள். புதுச் சீருடையும் நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்றுமாக வத்சலா என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வரிசையில் முழங்காலில் நின்றவன் நான் ஒருவன்தான்.

"அப்பா, சிற் டவுன்," என்றாள், முன்வரிசைக்கும் கேட்கும்படி. "நாங்கள் ஹிண்டு. இங்கை அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."