குட்டி ரெண்டு யாருக்குச் சொந்தம்

பட்டறையில் நாலு டன் உருளை கயிறு அறுந்து விழுந்து, அடியில் நின்ற வெல்டர் நசுங்கிச் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தும் தரையில் கறை போகவில்லை. அதற்கப்புறம்தான் நிர்வாகம் கண் விழித்தது. பாரம் தூக்குகிற பன்னிரண்டு பேருக்கும் கணக்குச் சொல்லித்தர ஒரு டீச்சரை அமர்த்தினார்கள்.

ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு, உதிரி பாகங்கள் கிடக்கும் அறையில் வகுப்பு. உட்காரக் கிரீஸ் டின்கள். டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பலகையில் 8த² என்று எழுதினார். த என்பது கம்பிக் கயிற்றின் தடிமன், மில்லிமீட்டரில். வருகிற விடை அந்தக் கயிற்றில் எத்தனை கிலோவரை பயமில்லாமல் தூக்கலாம் என்பது.

“த-வைப் பார்த்து மிரளாதீங்க. அது காலி நாற்காலி. கயித்தை அளந்து, வர்ற எண்ணை அதுல உக்கார வைங்க. மேல இருக்குற குட்டி ரெண்டு த-வுக்கு மட்டும்தான் சொந்தம். பக்கத்துல நிக்கிற எட்டுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.”

முதலில் எழுந்தவர் மேஸ்திரி. வாய் திறக்கும் முன் கை ஓங்குகிற ஆள். அவரிடம் அறை வாங்காத கன்னம் அந்தப் பட்டறையில் குறைவு. பன்னிரண்டு மில்லி கயிற்றுக்குக் கணக்குப் போட்டார். எட்டையும் பன்னிரண்டையும் பெருக்கித் தொண்ணூற்றாறு, அதை அதாலேயே பெருக்கி 9216 என்று எழுதிவிட்டு, ஒன்பது டன் தாங்கும் என்று சாக்பீஸை வீசினார்.

பின்னால் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் கொக்கி என்பார்கள். பாரத்துக்குக் கொக்கி மாட்டுவது அவர் வேலை. மேஸ்திரியின் தங்கையைக் கட்டியவர். ஆறாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர், நோட்டில் மெதுவாகப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“தப்பு மச்சான்,” என்றார். “முதல்ல பன்னெண்டைப் பன்னெண்டால பெருக்கணும். அப்புறம்தான் எட்டு. ஆயிரத்து நூத்தி அம்பத்திரண்டுதான் வருது.”

டீச்சர் அதுதான் சரி என்றார். யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி டின்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கொக்கியின் செவிட்டில் ஓங்கி ஒன்று விட்டார். இரண்டாவது அடிக்குள் டீச்சர் குறுக்கே வந்துவிட்டார்.

மறுநாள் காலை மூன்று டன் கியர் பெட்டி ஒன்றை லாரியில் ஏற்ற வேண்டியிருந்தது. மேஸ்திரி வேண்டுமென்றே பன்னிரண்டு மில்லி கயிற்றைத்தான் சுற்றச் சொன்னார். பெட்டி ஆடாமல் பிடிக்க, ஒல்லி என்கிற தொழிலாளியை அதன் கீழே நிறுத்தினார். கொக்கி பாரத்தை மாட்ட மறுத்தார். கயிற்றை அளந்து, பெட்டியின் மேலேயே சாக்பீஸால் கணக்கைப் போட்டுக் காட்டினார். இருபது மில்லி கயிறு இருந்தால்தான் 3200 வரும் என்றார்.

ஸ்பேனர் வந்த திசையை அவர் பார்க்கவில்லை. தாடையில் விழுந்தது. இரண்டு பற்கள் தெறித்தன, சாக்பீஸ் எண்கள் மேல் ரத்தம் சிதறியது. விழுந்தவரின் விலாவில் மேஸ்திரி பூட்ஸ் காலால் மூன்று முறை மிதித்தார். பிறகு தன் கையாலேயே கயிற்றில் கிரேன் கொக்கியை மாட்டி, கிரேன் ஆளுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார்.

கொக்கி தவழ்ந்து போய்ப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த கேஸ் கட்டரை எடுத்தார். கயிறு விறைப்பதற்குள் அதில் தீயைக் காட்டினார். இழைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. மேஸ்திரி பின்னாலிருந்து முடியைப் பிடித்து இழுத்தபோது கட்டரை எறிந்துவிட்டு, நுனி சிவந்திருந்த கயிற்றுத் துண்டால் அவர் முகத்தில் வீசினார். தோல் பொசுங்கியது. தலையால் முட்டினார், மூக்கெலும்பு முறிந்த சத்தம் கிரேன் வரை கேட்டதாம். கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் எண்ணெயில் புரண்டார்கள். நாலு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது. ஓடி வந்த டீச்சர் முதலில் கேஸ் சிலிண்டரை மூடினார்.

மூன்றாம் நாள் மேலாளர் அறையில் விசாரணை. ஒருவருக்குத் தாடையில் தையல், ஒருவருக்கு மூக்கில் கட்டு. இத்தனை வருஷமாக இப்படித்தான் தூக்குகிறேன், போன மாசம் அறுந்தது இத்துப்போன கயிறு, அதைத் தவிர எது அறுந்தது என்று மேஸ்திரி கேட்டார்.

டீச்சர் சாக்பீஸை நீட்டினார். “போன மாசம் உருளைக்கு என்ன கயிறு போட்டீங்க?”

“பதினாறு.”

“குட்டி ரெண்டு வேணாம். நீட்டியே எழுதுங்க. எட்டு, பதினாறு, பதினாறு.”

மேஸ்திரி அலட்சியமாகத்தான் எழுத ஆரம்பித்தார். பதினாறும் பதினாறும் இருநூற்றைம்பத்தாறு. எட்டால் பெருக்கினார். 2048. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு டன் என்று யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நெற்றியைப் பலகையில் மோதினார். மறுபடி மோதினார். கட்டு நனைந்து சிவந்தது. மூன்றாவது முறை பலகைக்கும் நெற்றிக்கும் நடுவில் கொக்கியின் உள்ளங்கை இருந்தது.

மேலாளர் விஷயத்தை அங்கேயே மூடிவிடப் பார்த்தார். மேஸ்திரி கேட்கவில்லை. நேராகச் செத்தவரின் வீட்டுக்குப் போய், அவர் மனைவியிடம் தப்பான கயிற்றைப் போட்டது நான்தான் என்று சொன்னார். அவள் கையில் கிடைத்த கரண்டியால், அது வளைகிற வரை அடித்தாள். அவர் தடுக்கவில்லை. அங்கிருந்து காவல் நிலையத்துக்கு நடந்தார். வழக்கு இன்னும் நடக்கிறது.

ஜாமீனில் வந்திருந்த அண்ணனைத் தங்கை பார்க்கப் போனபோது, உன் புருஷன் மூக்கை உடைச்சுட்டான் என்று அவர் முனகினார். “நீ அவர் தாடையை உடைச்ச. ரெண்டு பேருக்கும் மருந்து போடறது நான்தான்,” என்று அவள் சொன்னாள். இருவரையும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

மேஸ்திரியை அடித்தது மேலாளரையே அடித்ததற்குச் சமம் என்று சொல்லி, கொக்கியை ஒரு மாதம் வெளியே நிறுத்தினார்கள். வேலைக்குத்தான் தடை, வகுப்புக்கு இல்லையே என்று அவர் தினமும் மூன்று மணிக்கு வந்து உட்கார்ந்தார். தையல் பிரிக்காததால் பேச முடியவில்லை. ஒல்லி முதல் தடவை தப்பாகப் போட்டபோது, அவர் நோட்டைப் பிடுங்கிக் கணக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மறுபடி போடு என்று விரலால் காட்டினார்.