அரண்மனைன்னு ஒரு வார்த்தை

கீழ்வேளூர் அம்சம் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி பத்து. மகள் எழில்மொழி இன்று முதல் தடவையாக மேடையேறிப் பேசுகிறாள். மராட்டிய ராஜாக்கள் காலத்து மோடி என்ற பழைய எழுத்தைப் படிக்கக் கற்றவள். அரண்மனைத் தோட்டத்துக்கு அந்தக் காலத்தில் தண்ணீர் இறைத்தவர்களைப் பற்றிப் பேச்சு. “முன் வரிசையில உனக்கு நாற்காலி போட்டு வைக்கிறேம்மா. உன் மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்” என்றிருந்தாள். இடத்தைப் போனில் அனுப்பியிருந்தாள்: சரஸ்வதி மகால், காலை 11.

“சரஸ்வதி மகால் போங்க. எம் பொண்ணு விழா” என்றாள் ஆட்டோ ஓட்டிய இராஜாங்கத்திடம்.

அவன் பட்டுப்புடவையையும் பூவையும் பார்த்தான். “பொண்ணோட அம்மாவா? இவ்வளவு லேட்டாவா வருவீங்க!” என்று பறந்தான்.

ஊருக்கு வெளியே ஒரு பெரிய கட்டடம். வாசலில் வாழைமரம், உள்ளே மேளம். யாரோ பன்னீர் தெளித்தார்கள், யாரோ கன்னத்தில் சந்தனத்தைத் தடவினார்கள். நம்ம பொண்ணு பேச்சுக்கா இவ்வளவு தடபுடல் என்று அம்சத்துக்குப் பெருமை தாங்கவில்லை. மேடையைப் பார்த்தாள். அங்கே மாலையும் கழுத்துமாக வேறு யாரோ ஒரு பெண்.

“இது கல்யாண மகாலுங்க. நீங்க கேக்கறது அரண்மனைக்குள்ள இருக்கற லைப்ரரி. அதுக்கும் இதே பேருதான்” என்றார் வரவேற்பில் நின்றவர்.

போன் போட்டாள், மகள் எடுக்கவில்லை. கிளம்பினால் விட்டால்தானே! சாப்பிடாமல் போகக்கூடாது என்று ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள், இன்னொருத்தி தாம்பூலப் பையைத் திணித்தாள். அதே ஆட்டோவில் ஊருக்குள் திரும்பினால் கீழவாசலில் நெரிசல். ஆட்டோ நகரவே இல்லை. அம்சம் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

அரண்மனை வாசல் டிக்கெட் வரிசையில் அறுபது பள்ளிக்கூடப் பிள்ளைகள். உரம் வாங்கவும் ஆஸ்பத்திரிக்கும் வந்தபோதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே பார்த்து, ஒருநாள் உள்ளே போகணும் என்று ஏங்கிய அரண்மனை இது. இன்று அந்த உயரக் கோபுரத்தையும் தர்பார் மண்டபத்தின் வண்ணத் தூண்களையும் கண்கொண்டு பார்க்கவில்லை. வழியெல்லாம் லைப்ரரி எங்கே, லைப்ரரி எங்கே என்று கேட்டபடி ஓடினாள்.

போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே, புல்வெளி ஓரத்தில், காகிதக் கட்டோடு நின்றாள் எழில்மொழி. அம்மா கன்னத்துச் சந்தனத்தையும் கையிலிருந்த பையையும் பார்த்தாள்.

“கல்யாணத்துக்குப் போயிட்டா வர்றே?”

காலையிலிருந்து அடக்கிய ஆத்திரமெல்லாம் பொங்கியது. பையைத் தூக்கி மகள் முகத்துக்கு நேரே பிடித்தாள் அம்சம். அதில் சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது: சரஸ்வதி மகால்.

“நீ அனுப்பின பேருதானடி இது? நம்ம பக்கம் மகால்னா கல்யாணத்துக்குத்தான் போவாங்க. அரண்மனைன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா நடந்தே வந்திருப்பேன். ராஜா எழுதினதெல்லாம் படிக்கத் தெரியுது, பெத்தவளுக்குப் புரியற மாதிரி எழுதத் தெரியல.”

எழில்மொழி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன் நாற்காலியில ஒருத்தரையும் உக்கார விடலம்மா. காலியா கெடந்ததப் பாத்துக்கிட்டேதான் பேசி முடிச்சேன்” என்றாள்.