நெட்டையின் பெயர் இருந்த அட்டை

எனக்கு மூக்கு நுனியில் கோபம். நெட்டைக்கு அது கிடையாது. பதினோரு வருடமாக ஒரே ஜோடியாக லிப்ட் பழுது பார்க்கிறோம். ஒருநாளும் அவன் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. மோட்டார் அறையில் அவன் தொழும்போது மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் போட்டுவிடாமல் சாவியோடு வாசலில் நிற்பது நான். சாப்பாட்டுக்கு முன் நான் ஜெபித்து முடிக்கும்வரை டப்பாவைத் திறக்காமல் இருப்பது அவன்.

அப்படிப்பட்டவன் அன்று காலை வாயே திறக்கவில்லை.

"என்னடா, வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டியா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினான். வயரிங் படம் தேடி என் பையைத் துழாவியபோது கிடைத்திருக்கிறது. எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

போன மாதம் எங்கள் சபையில் எல்லோருக்கும் கொடுத்த அட்டை. கிறிஸ்துவிடம் கொண்டுவர வேண்டிய ஐந்து பேரை எழுதுங்கள், பட்டியலில் ஏற்றிச் சபையே ஜெபிக்கும் என்றார் போதகர். சபைக்கு வெளியே எனக்கு உயிருக்குயிரானவன் ஒருவன்தான். முதல் வரியில் அவன் பெயர். மதம்: இஸ்லாம். கடைசிக் கட்டம், 'நெருங்கிய விதம்'. அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது. வீட்டுப்பாடம் எழுதுகிறவன் மாதிரி நிரப்பிவைத்தேன்: 'சேர்ந்து சாப்பிடுகிறோம். அவன் மகள் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தேன்.' பட்டியலில் ஏற்றியாயிற்று என்று முத்திரை குத்தி அட்டையை என்னிடமே திருப்பித் தந்திருந்தார்கள்.

"ரத்தம் இதுக்குத்தான் குடுத்தியா?"

"டேய், அது ரெண்டு வருஷம் முன்னாடிடா. அட்டை போன மாசம்தான்..."

"சாயங்காலம் ஆபீஸ்ல வேற ஜோடி கேக்கப் போறேன்." அட்டையைத் தன் பையிலேயே திரும்ப வைத்துக்கொண்டான். "வா, வேலையப் பாப்போம்."

தப்பு என் பேரில்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போனால் போடா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவன் இல்லாமல் மதியச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது.

அன்று பன்னிரண்டு மாடிக் கட்டடம். லிப்டுக்கு அடியில் ஆள் உயரப் பள்ளம், அதில் நான். லிப்டின் கூரைமேல் நெட்டை, இறக்குகிற பொத்தானோடு. பள்ளத்துச் சுவரில் ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு. அது அமுங்கியிருக்கும்வரை லிப்ட் அசையாது. அதை எடுத்துவிட்டால், கீழே இருப்பவன் உயிர் மேலே இருப்பவன் விரலில். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம்: ஒருவன் சொன்னதை மற்றவன் திருப்பிச் சொன்ன பிறகுதான் கை அசையும்.

பள்ளத்துத் தரையிலுள்ள இடுப்புயர ஸ்பிரிங்குக்கு ஒரு சாண் மேலே லிப்ட் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் மூலையில் குந்தினேன்.

"இறக்கப் போறேன்," என்றான் மேலிருந்து.

"இறக்கப் போற."

"சுவிட்சை எடு."

கை சுவிட்சில்தான் இருந்தது. வரமாட்டேன் என்றது. எத்தனை நூறு தடவை யோசிக்காமல் எடுத்த சுவிட்ச்! இன்று, கோபத்தில் இருக்கிறானே, விரல் கொஞ்சம் கூட அழுந்திவிட்டால் என்று ஒரு சனியன் பிடித்த எண்ணம்.

"சுவிட்சை எடு."

நான் திருப்பிச் சொல்லவில்லை.

"பயமா இருக்கா?" என்றான். "என்னைப் பாத்தாடா?"

அட்டையைவிட இதுதான் அவனுக்குப் பெரிய அடி. சுவிட்ச் இறுகிக் கிடக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை.

"ஆமாடா. பயந்துட்டேன். நான் ஒரு மடையன். ரத்தம் குடுத்தப்ப எதுவுமே தோணலடா. புள்ள பொழைக்கணும், அவ்வளவுதான். பொழைச்சு வந்து என்னை மாமான்னு கூப்பிட்டா. அதைப் போய்க் கட்டத்துல எழுதினேனே, என்னைச் செருப்பால அடி. ஆனா ஒண்ணு, மறைக்க மாட்டேன். நீ என்கூடப் பரலோகத்துல இருக்கணும்னு எனக்கு ஆசை. அது போகாது."

நான் சுவிட்சை எடுத்தேன்.

"எடுத்துட்டேன்!"

"எடுத்துட்ட."

லிப்ட் முனகிக்கொண்டு இறங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கர்த்தாவே என்றுகூட வாயில் வரவில்லை. சத்தம் நின்றதும் ஸ்பிரிங்குக்கும் லிப்டுக்கும் நடுவே கையை விரித்துப் பார்த்தேன். சரியாக ஒரு சாண்.

லிப்டை மேலேற்றி நிறுத்திவிட்டு வந்து, பள்ளத்திலிருந்து என்னைக் கைகொடுத்துத் தூக்கினான்.

"நானும் தெனமும் கேக்குறேன், உனக்கு நேர்வழி காட்டச் சொல்லி. அஞ்சு வேளையும்," என்றான். "ஆனா உம் பேரை ஊரு பூரா குடுக்கல. எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுலதான் வச்சிருக்கேன்."

"அட்டையைக் குடுடா, கிழிச்சுப் போட்டுடறேன்."

"எம் பேரு, எம் பையிலேயே இருக்கட்டும்."

தொழுகை நேரம் ஆகியிருந்தது. அவன் மோட்டார் அறைக்குப் போனான். கூட வா என்று சொல்லவில்லை. ஆனாலும் மானங்கெட்டுப் பின்னாலேயே போனேன். மெயின் சுவிட்சை அவனே அணைத்தான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை சபையில எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, பட்டியல்லேருந்து எம் பேரை எடுக்கச் சொல்லணும்."

போதகர் முகம் எப்படிப் போகும், என் பெண்டாட்டி எப்படிக் கூனிக் குறுகுவாள் என்றெல்லாம் எனக்குத் தெரியும். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு, உம் பேரை எடுக்கச் சொல்லுவேன்," என்றேன்.

அப்புறம்தான் அவன் கை அசைந்தது. சாவியை வாங்கிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே அவன் தொழ ஆரம்பித்தான். தொழுகையில் அவன் எனக்காகக் கேட்கும் இடம் எதுவென்று எனக்குத் தெரியாது. அதனால் பத்து நிமிடமும் தலையைக் குனிந்தே நின்றேன்.